வைரம் பாய்ந்த கட்டை: மீன்தொட்டிக்குள் மரம் செய்யும் வேலை

மீன்தொட்டியில் நாம் வைக்கும் அலங்காரப் பொருள்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பீங்கான் பாலம், பிளாஸ்டிக் கோட்டை, கண்ணாடி உருண்டை போன்றவை முதல் வகை. அவை நீருக்குள் இருக்கும். நீரை ஒன்றும் செய்யா. இயற்கை மரக்கட்டை இரண்டாவது வகை. தொட்டிக்குள் இறங்கிய நாள் முதல் அது நீருடன் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. நீரின் நிறம் மாறுகிறது, அமிலத்தன்மை மாறுகிறது, கட்டையின் மேல் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன, அவற்றை மேய்ந்து சில மீன்களும் இறால்களும் வாழ்கின்றன.

இந்த வேறுபாட்டை அறியாதவர்கள், கடையில் வாங்கிய கட்டையைக் குழாயடியில் ஒருமுறை கழுவி அன்று மாலையே தொட்டியில் வைத்துவிடுகிறார்கள். பிறகு கட்டை மிதக்கிறது, நீர் பழுப்பாகிறது, வெள்ளையாக ஏதோ படர்கிறது என்று கவலைப்படுகிறார்கள். சில வேளைகளில் மீன்கள் சாகின்றன. பல்கலைக்கழகத்தில் படித்த காலம் தொட்டு வீட்டில் சிறு தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில், மரக்கட்டையைத் தேர்ந்தெடுப்பது, பக்குவப்படுத்துவது, பராமரிப்பது ஆகிய மூன்றையும் பற்றி எனக்குத் தெரிந்தவற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். எந்தச் செயலை ஏன் செய்கிறோம் என்ற காரணத்தையும் உடன் சொல்ல முயன்றுள்ளேன். காரணம் தெரிந்தால் செய்முறையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

மரமா, புல்லா?

தமிழ் படிக்கும் நமக்கு இவ்விடத்தில் ஒரு வசதி உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், தாவரங்களை அவற்றின் வயிரம் எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டு பிரிக்கிறது. உள்ளே வயிரம் உடையவை அகக்காழ், அவை மரம். வெளிப்புறத்தில் வயிரம் உடையவை புறக்காழ், அவை புல். இந்தக் கணக்கின்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல் வகையைச் சேர்ந்தவை. இன்றைய தாவரவியலும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்று தனியே பிரித்து, மூங்கிலைப் புல் குடும்பத்திலேயே வைத்திருக்கிறது.

மீன்தொட்டிக்கு இந்தப் பாகுபாடு நேரடியாகப் பயன்படுகிறது. புறக்காழ் உடையவற்றின் உட்பகுதி மென்மையானது. நீரில் போட்டால் வெளிக்கூடு உறுதியாகத் தெரியும்போதே உள்ளே அழுகத் தொடங்கிவிடும். நம் நாட்டில் எங்கும் கிடைக்கும் செம்பனைத் தண்டில் சர்க்கரையும் மாவுச்சத்தும் மிகுதி. அது இன்னும் விரைவாக அழுகும். ஆகவே தென்னை, செம்பனை, மூங்கில் ஆகியவற்றின் தண்டுகளைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். தேங்காய்ச் சிரட்டை மட்டும் விதிவிலக்கு. அது கெட்டியான ஓடு. நன்கு சுரண்டிக் கொதிக்க வைத்தால் சிறு மீன்களுக்கு நல்ல மறைவிடமாகும்.

அகக்காழ் மரத்திலும் எல்லாப் பகுதியும் ஒன்றல்ல. பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியில்தான் உயிருள்ள அணுக்களும் சர்க்கரையும் மாவுச்சத்தும் இருக்கின்றன. நடுவே உள்ள அடர்நிறப் பகுதி உயிர்ச்செயல் நின்றுபோன பகுதி. மரம் அங்கே துவர்ப்புப் பொருள்களையும் பிற காப்புப் பொருள்களையும் சேமித்து வைக்கிறது. பூஞ்சையும் பூச்சியும் அவற்றை எளிதில் நெருங்கா. முதியவர் ஒருவரை ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்கிறோமே, அந்த வைரம் இதுதான். காட்டில் விழுந்த மரம் ஆற்றிலும் சேற்றிலும் பல்லாண்டுகள் கிடந்தபின் பட்டையும் வெளிறிய பகுதியும் மக்கிப்போய், எஞ்சி நிற்பது இந்த வைரமே. கடைகளில் டிரிஃப்ட்வுட் என்ற பெயரில் விற்கப்படும் நல்ல கட்டைகள் இத்தகையவை.

எடுக்கத் தகுந்தவையும் தகாதவையும்

உலகெங்கும் மீன் வளர்ப்போர் ‘மலேசியன் டிரிஃப்ட்வுட்’ என்று தனிப்பெயர் கொடுத்து வாங்கும் கட்டை ஒன்று உண்டு. கனமானது, கருமை கலந்த பழுப்பு நிறமுடையது, பெரும்பாலும் உடனே மூழ்குவது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் மொப்பானி இரண்டு நிறம் கொண்டது, மிகவும் கனமானது, நிறையச் சாயம் விடும். ஸ்பைடர் வுட் எனப்படுவது கிளைகிளையாகப் பிரிந்த வேர். எடை குறைவு, மூழ்க நாளாகும், வெள்ளைப் படலமும் மிகுதியாகப் பிடிக்கும். அழகுக்காக அதனை வாங்குவோர் இவற்றுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவற்றுள் முதலாவது பச்சை மரம். என் அறைத்தோழர் ஒருவர் விடுமுறை முடிந்து வரும்போது தோட்டத்திலிருந்து அழகான பால்மரக் கிளை ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டையைச் சீவி, கழுவி, அன்றே தம் தொட்டியில் வைத்தார். மறுநாள் நீர் கழுநீர் போல் கலங்கியது. மூன்றாம் நாள் காலையில் மீன்கள் எல்லாம் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து தவித்துக்கொண்டிருந்தன. 12 நியான் டெட்ராக்களில் 9 மடிந்தன. தொட்டியை நச்சு எதுவும் தாக்கவில்லை. கிளையிலிருந்து கசிந்த சர்க்கரையைத் தின்று பாக்டீரியா பெருகியது. பெருகிய பாக்டீரியா நீரிலிருந்த உயிர்வளியை இரவோடு இரவாகப் பயன்படுத்திவிட்டது. நம் தட்பவெப்பத்தில் இந்த ஆபத்து கூடுதல். 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 பாகையில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். குளிர்ந்த நாட்டில் மீன் பிழைத்துக்கொள்ளும் தவற்றை இங்கே அது பிழைக்காமல் போகலாம்.

பால்மரம் நம் பாட்டன் பாட்டிமார் சீவிய மரம், நமக்கு நெருக்கமானது. ஆயினும் தொட்டிக்கு அது ஆகாது. அதன் கட்டையில் மாவுச்சத்து மிகுதியாக இருப்பதால் அறுத்த சில நாட்களிலேயே நீலப்பூஞ்சை பிடிக்கும், துளைவண்டும் வரும். அதனால்தான் தளவாடத் தொழிற்சாலைகள் பால்மரப் பலகையில் போரான் கலந்த காப்புக் கரைசலை ஏற்றுகின்றன. ஆகவே தளவாடப் பட்டறையில் கிடைக்கும் துண்டுகளையும் தொட்டியில் போடக்கூடாது. வண்ணம், வார்னிஷ், கரையான் மருந்து பட்ட எந்தப் பலகைக்கும் இதே விதிதான்.

இவை தவிர, பிசின் வடியும் பைன் மரம், நச்சுப்பால் உள்ள அரளி, தோலில் கொப்புளம் உண்டாக்கும் சாறுடைய ரெங்காஸ் ஆகியவற்றையும் ஒதுக்குக. பெயர் தெரியாத கட்டையைத் தொடாமலிருப்பதே பொதுவிதி. கடற்கரையில் ஒதுங்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும். நன்னீர்த் தொட்டிக்கு ஏற்றதாக்க நெடுநாள் பிடிக்கும். நிரந்தர வனக்காப்பகங்களில் கிடக்கும் கட்டையை நாமாக எடுத்துவருவதும் முறையன்று. 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச்சட்டத்தின்படி அங்கிருந்து வனப்பொருள்களை உரிமமின்றி எடுப்பது குற்றம்.

கடையில் தேர்ந்தெடுக்கும்போது நான் மூன்று சோதனைகள் செய்வேன். கட்டைவிரல் நகத்தால் அழுத்துவேன். குழி விழுந்தால் வேண்டாம். முகர்ந்து பார்ப்பேன், மண்வாசமோ மரவாசமோ இருந்தால் சரி, புளித்த வாடையோ எண்ணெய் வாடையோ இருந்தால் வேண்டாம். தட்டிப் பார்ப்பேன், கணீரென்று ஒலித்தால் உள்ளே உறுதி, மொத்தென்று ஒலித்தால் உள்ளே பொத்தல்.

மிதப்பதும் மூழ்குவதும்

கட்டை ஏன் மிதக்கிறது என்பதை அறிந்துகொண்டால் ஊறவைக்கும் பொறுமை தானாக வரும். எந்த மரமானாலும் அதன் அணுச்சுவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அவை நீரைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு அடர்த்தியானவை. அப்படியிருந்தும் மரம் மிதக்கக் காரணம் அணுக்களின் உள்வெளியில் அடைபட்டிருக்கும் காற்று. சரவாக்கின் பெலியான் போன்ற மரங்களில் உள்வெளி மிகக் குறைவு. அவை உலர்ந்த நிலையிலும் மூழ்கக் கூடியவை. மற்றவற்றில் காற்று வெளியேறி அவ்விடத்தை நீர் நிரப்பினால்தான் கட்டை அடியில் உட்காரும்.

ஒரு கட்டையை ஊறப்போடும் முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். உலர்ந்தபோது 820 கிராம். நான்கு வாரம் ஊறியபின் 1240 கிராம். அதாவது 420 கிராம் நீர் உள்ளே போயிருக்கிறது. கிட்டத்தட்ட அரை லிட்டர் நீர் ஊசிமுனையினும் சிறிய துளைகள் வழியே நுழைய வேண்டுமானால் நாளாகத்தான் செய்யும். கொதிக்க வைத்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. அதே நீரில் ஆறவிட்டால் எஞ்சிய காற்று சுருங்கி நீரை உள்ளே இழுக்கிறது. ஆகவே கொதித்தவுடன் கட்டையை வெளியே எடுத்துவிடாமல், அந்த நீரிலேயே முற்றாக ஆறவிடுவது நல்லது.

பக்குவப்படுத்தும் முறை

1. தேய்த்தல். பட்டை ஒட்டியிருந்தால் முழுவதும் உரித்தெடுக்கவும். மெத்தென்ற பகுதிகளைக் கத்தியால் சுரண்டி உறுதியான மரம் தெரியும்வரை அகற்றவும். பிறகு தேய்ப்புத் தூரிகையால் ஓடும் நீரில் தேய்க்கவும். சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம், குளோராக்ஸ் எதுவும் வேண்டாம். மரம் இவற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னர் தொட்டியில் விடும்.

2. கொதிக்க வைத்தல். பானையில் அடங்கும் அளவான கட்டையை நீர் மூழ்கும்படி வைத்து ஒன்றிலிருந்து இரண்டு மணிநேரம் கொதிக்க விடவும். நீர் கறுத்தால் கொட்டிவிட்டு மறுமுறையும் செய்யலாம். இதனால் மேற்பரப்பிலுள்ள நத்தை முட்டை, பூச்சிப்புழு, பூஞ்சை வித்துகள் பெரும்பாலும் அழியும். சாயமும் விரைவில் வெளியேறும். நாள்முழுக்கக் கொதிக்க விடத் தேவையில்லை. மென்மையான கட்டை நார்நாராகப் பிரிந்துவிடும். இதற்கென்று பழைய பானை ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கறை போகாது, அம்மாவின் குழம்புச் சட்டியில் செய்தால் மீன் வளர்ப்பே தடைபடலாம். பிரஷர் குக்கரில் வைக்காதீர்கள். மரத்தூள் ஆவித்துளையை அடைத்துவிடும்.

3. பெரிய கட்டை. பானையில் அடங்காத கட்டையைப் பெரிய தொட்டியில் கிடத்தி, கொதிநீரை மேலே ஊற்றி ஆறவிடவும். இதனை நான்கைந்து முறை செய்யவும். பிறகு ஊறவைக்கும் நாட்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

4. ஊறவைத்தல். வாளியில் கட்டையை இட்டு, மேலே கல் வைத்து அழுத்தி, இரண்டு நாட்களுக்கு ஒருமுறை நீரை முழுவதும் மாற்றவும். சிறு கட்டைக்கு ஒருவாரம் போதும். பெரிய கட்டைக்கு மூன்று நான்கு வாரமாகும்.

இந்த நான்காம் படியில் நம் நாட்டுக்குரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. வெளிநாட்டு நூல்கள் ‘வாளியில் போட்டுவிட்டு ஒரு மாதம் மறந்துவிடுங்கள்’ என்ற பாணியில் எழுதும். இங்கே மறந்தால் டிங்கி வரும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலையை எட்டச் சுமார் ஒரு வாரமே ஆகும். அதன் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வாளியின் சுவரில் ஒட்டியிருக்கும். உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு காத்திருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாளியின் உட்சுவரையும் கட்டையையும் தேய்த்துக் கழுவி, இறுக்கமாக மூடிவைக்க வேண்டும். கொசுப்புழு கொல்லும் மருந்தை அந்த வாளியில் போடாதீர்கள். மரம் அதனை உறிஞ்சும். பிறகு தொட்டியிலுள்ள இறால்களுக்கு அதுவே எமனாகும். வீட்டில் கொசு பெருகவிடுவது 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்க.

கட்டை தயாராகிவிட்டதா என்பதை மூன்று அறிகுறிகளால் அறியலாம். கல்லை எடுத்துவிட்டாலும் அடியிலேயே கிடக்க வேண்டும். புதுநீர் மாற்றி ஒருநாள் கழித்துப் பார்த்தால் இளம் நிறமே தெரிய வேண்டும். கை வைத்தால் வழவழப்போ கெட்ட வாடையோ இருக்கக்கூடாது. கடைத் தவுக்கே ‘ஏற்கெனவே ஊறப்போட்டது’ என்று சொன்னாலும், இந்த மூன்றையும் வீட்டில் சோதித்த பின்னரே தொட்டியில் வைக்கவும்.

தே ஓ நிறமும் நீரின் அமிலத்தன்மையும்

எவ்வளவு ஊறவைத்தாலும் நல்ல வைரக்கட்டை சில மாதங்கள் வரை மெல்லச் சாயம் விடும். நீர் ‘தே ஓ’ நிறத்துக்கு வரும். தேயிலையில் உள்ளது போன்ற துவர்ப்புப் பொருளான டானினும், மக்கிய தாவரங்களிலிருந்து வரும் ஹியூமிக் அமிலங்களுமே இதற்குக் காரணம். இது அழுக்கன்று. மீன்களுக்கு இதனால் தீங்கில்லை. சில பூஞ்சை, பாக்டீரியாக்களின் வளர்ச்சியை இது ஓரளவு மட்டுப்படுத்துவதும் உண்டு. போர்மீன் வளர்ப்போர் காய்ந்த கெத்தாப்பாங் இலையை நீரில் போடுவதும் இதே காரணத்திற்காகத்தான்.

அமிலத்தன்மை எவ்வளவு மாறும் என்பது கட்டையை மட்டும் பொறுத்ததன்று. நீரில் கரைந்துள்ள கார்பனேட் அளவைப் பொறுத்தது. கார்பனேட் மிகுந்த கடினநீர் அமிலத்தை உடனுக்குடன் சமன்செய்துவிடும். கட்டை வைத்தும் பி.எச். அளவு அசையாது. மென்னீரில் அந்தத் தடுப்பு இல்லை, பி.எச். படிப்படியாக இறங்கும். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த ஈப்போ வட்டாரத்து நீரும் பிற இடத்து நீரும் ஒன்றுபோல் இருக்கா. எனவே உங்கள் வீட்டுக் குழாய்நீரைச் சோதித்துப் பார்ப்பதே சரியான வழி. மீன் கடைகளில் கிடைக்கும் சொட்டுமருந்துச் சோதனைப் பெட்டி போதும். கட்டை வைத்த 1ஆம், 3ஆம், 7ஆம் நாட்களில் சோதித்து எழுதிவையுங்கள்.

பி.எச். 6க்குக் கீழே இறங்கினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அந்நிலையில் மந்தமாகிவிடும். அமிலநீரில் அம்மோனியா தீங்கு குறைந்த அம்மோனியமாக இருப்பதால் மீன்கள் நலமாகவே தெரியும். அச்சமயத்தில் பாதிக்கு மேற்பட்ட நீரை ஒரே நாளில் மாற்றினால் பி.எச். சட்டென்று உயர்ந்து, தேங்கிய அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். ‘தண்ணீர் மாற்றினேன், மீன் செத்துவிட்டது’ என்ற புகார்களுள் சிலவற்றின் பின்னணி இதுவே. வாரந்தோறும் கால்பங்கு நீரைக் குளோரின் நீக்கி மாற்றி வந்தால் இந்நிலை வராது.

நிறமே பிடிக்காதவர்கள் வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் கரித்துகளை வைக்கலாம். சாயத்தை அது உறிஞ்சும். சில வாரங்களில் அதன் திறன் தீர்ந்துவிடுமாதலால் மாற்ற வேண்டும். எந்த மீனை வளர்க்கிறோம் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். டெட்ரா, ரஸ்போரா, போர்மீன், குராமி, டிஸ்கஸ் ஆகியவற்றுக்குப் பழுப்பு நிற மென்னீர் தாய்வீடு போன்றது. மோலி, கப்பி, ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள் ஆகியவை கடினநீரை விரும்புபவை; அவற்றின் தொட்டிக்குக் கல் அலங்காரமே பொருந்தும்.

பொருத்துதலும் செடி கட்டுதலும்

கட்டையை இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கிடையே இறுக்கிச் செருகக்கூடாது. நீர் ஏறிய மரம் பருக்கும். கண்ணாடி விரிசல் விடலாம். இருபுறமும் ஒரு விரற்கடை இடைவெளி விடவும். மணலின் மேல் வெறுமனே வைத்தால் கட்டைக்கடியில் கழிவு தேங்கும். தட்டைக்கல் ஒன்றின் மேல் உட்கார வைத்தால் நீரோட்டம் இருக்கும். அடம்பிடித்து மிதக்கும் கட்டையைப் பலகைக்கல்லுடன் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியால் பிணைக்கலாம். ஆணி, செம்புக்கம்பி பயன்படுத்த வேண்டாம். செம்பு இறால்களுக்கும் நத்தைகளுக்கும் நஞ்சு.

கட்டையின் மேல் ஜாவா பெரணி, அனுபியாஸ், போர்னியோ ஓடைப்பாறைகளில் வளரும் புசெபலாண்ட்ரா, ஜாவா பாசி ஆகியவற்றை வளர்க்கலாம். இவை மண் கேட்பதில்லை. பெரணியையும் அனுபியாசையும் பருத்தி நூலால் கட்டினால் நூல் இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். கிழங்குத்தண்டை மணலுக்குள் புதைத்தால் அழுகும்; கட்டையின் மேலேயே கிடக்க வேண்டும்.

பராமரிப்பு

புதுக்கட்டை வைத்த சில நாட்களில் வெள்ளையாக, கஞ்சி படிந்தது போல ஒரு படலம் வரும். புதியவர்களை மிகவும் அச்சுறுத்துவது இதுதான். எஞ்சிய சர்க்கரையைத் தின்ன வந்த பூஞ்சையும் பாக்டீரியாவுமே அப்படலம். உணவு தீர்ந்ததும் இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் தானாக மறையும். இறாலும் நத்தையும் அதனை விரும்பி உண்ணும். பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் பழைய பல்தூரிகையால் தேய்த்து, குழாய்வழி உறிஞ்சி எடுக்கலாம். அச்சமயத்தில் காற்றுக்குமிழிக் கருவியை இரவிலும் ஓடவிடுங்கள். படலம் இருக்கும்வரை மீன் உணவையும் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது.

பச்சைப்பாசி, கறுப்புத் தாடி போன்ற பாசி ஆகியவை பிடித்தால் முதலில் விளக்கு எரியும் நேரத்தை ஒருநாளைக்கு 6 முதல் 8 மணிநேரமாகக் குறைக்கவும். கட்டையை வெளியே எடுத்துத் தேய்க்கலாம். செடி இல்லாத கட்டையானால் மேலே கொதிநீர் ஊற்றி ஆறவிட்டுத் திரும்ப வைக்கலாம். அதிக நேரம் வெளியே உலரவிட்டால் காற்று புகுந்து மீண்டும் மிதக்கத் தொடங்கும் என்பதை மறவாதீர்கள்.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை கட்டையைக் கையில் எடுத்து நகச்சோதனை செய்யவும். மேற்பரப்பு சற்று மென்மையாவது இயல்பு, அதைச் சுரண்டிவிடலாம். விரல் உள்ளே போகும் அளவுக்கு இளகியிருந்தாலோ, அடிப்பகுதி கறுத்து அழுகிய முட்டை வாடை வீசினாலோ உடனே அகற்றிவிட வேண்டும். அது ஹைட்ரஜன் சல்ஃபைட் வாடை. மீன்களுக்குக் கொடிய நஞ்சு. நல்ல வைரக்கட்டை பல ஆண்டுகள் தாங்கும். என்னிடம் உள்ளவற்றுள் மிகப் பழையது இன்னும் நகத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

கட்டையைக் கொறிக்கும் மீன்களைப் பற்றியும் ஒரு சொல். நகராண்மைக் கழகம் போலத் துப்புரவு செய்வதாகக் கருதி நாம் ‘இக்கான் பண்டாராயா’ என்றழைக்கும் தென்னமெரிக்க மீன் வகைகளுள் சில, கட்டையை ஓயாமல் சுரண்டும். மேலுள்ள பாசியும் நுண்ணுயிரும் அவற்றுக்கு உணவு. கரையானைப் போல மரத்தையே செரித்து வாழ்பவை என்று எண்ணி உணவு போடாமல் விட்டால் அவை மெலிந்துவிடும். கட்டைத்தூள் கழிவாகக் குவியும். உறிஞ்சி எடுக்க வேண்டும். வளர்ந்து பெரிதாகிவிட்டது என்று அவற்றை ஆற்றில் கொண்டுபோய் விடாதீர்கள். கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் அவை பெருகியிருப்பதற்கு அப்படி விடப்பட்ட மீன்களே தொடக்கம்.

கறுப்பு நீரின் ஊர்

மீன்தொட்டியில் பழுப்பு நீரைப் பார்த்து முகஞ்சுளிப்பவர்களிடம் நான் சொல்வதுண்டு: இது நம் நாட்டு நீர். மலாயில் ‘தானா காம்புட்’ எனப்படும் கரிமண் சதுப்புக்காடுகளில் நீரின் இயல்பான நிறமே இதுதான். விழுந்த மரமும் இலையும் நீர் தேங்கிய நிலத்தில் முழுதும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து கரிமண்ணாகியிருக்கின்றன. அங்கே பி.எச். 4க்கும் கீழே இறங்குவது உண்டு. பகாங்கின் தாசெக் பெராவும் இத்தகைய கறுப்பு நீர் ஏரிதான். செமெலாய் பூர்வக்குடி மக்கள் வாழும் அவ்வேரி, 1994ஆம் ஆண்டு மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இந்த நீரில் எந்த உயிரும் வாழாது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. உண்மை வேறு. வட சிலாங்கூர் கரிமண் சதுப்புக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத போர்மீன் இனமான பெட்டா லிவிடாவுக்கு அறிவியலாளர்கள் 1992இல்தான் பெயரிட்டார்கள். சுமத்ராவின் சதுப்புக்காட்டில் கண்டறியப்பட்டு 2006இல் அறிவிக்கப்பட்ட பீடோசிப்ரிஸ் என்ற மீனின் முதிர்ந்த பெண் 7.9 மில்லிமீட்டர் நீளமே இருந்தது. நம் சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. அதன் இன்னொரு இனம் சரவாக்கில் உள்ளது. இத்தகைய மீன்களைத் தெளிந்த கடினநீரில் விட்டால் வாழா. அவற்றுக்கு அந்தக் கறுப்பு நீர் வேண்டும். அந்தக் கறுப்பு நீருக்கு விழுந்து கிடக்கும் மரம் வேண்டும்.

அம்மரங்களை இழுத்துவரக் கால்வாய் வெட்டினார்கள். வேளாண்மைக்காகவும் நீரை வடித்தார்கள். நீர் வடிந்த கரிமண் வறண்ட மாதங்களில் தீப்பற்றும். வட சிலாங்கூரின் ராஜா மூசா வனக்காப்பகத்தில் 2008 முதல் அக்கால்வாய்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மாஹாங் மரக்கன்றுகளை நடும் பணி தொடங்கியது. அதில் மாணவர்களும் பொதுமக்களும் தொண்டூழியர்களாகப் பங்கேற்றிருக்கிறார்கள். நம் பேரவையின் ஆண்டுத் திட்டங்களில் இத்தகைய ஒருநாள் மரம் நடும் பயணத்தையும் சேர்க்கலாம் என்பது என் பரிந்துரை. கோலாலம்பூரிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

புதிதாகத் தொட்டி வைக்க எண்ணும் தம்பி தங்கையருக்கு நிறைவாக ஒரு வேண்டுகோள். மீனை வாங்கும் முன் கட்டையை வாங்குங்கள். கட்டை வாளியில் ஊறும் அந்த நான்கு வாரங்களில் தொட்டியை நிரப்பி வடிகட்டியை ஓடவிட்டு, கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவை அதில் வளர்த்தெடுங்கள், செடிகளைத் தேடுங்கள், குழாய்நீரைச் சோதித்துக் குறித்துவையுங்கள். கட்டை தானாக அடியில் உட்காரும் நாளில் தொட்டியும் மீனை வரவேற்கத் தயாராக இருக்கும்.